மண்மேடு ஆவணம் ஆகாது

சந்திரகலாவுக்கு முதலில் கோபம் வந்தது ப்ராஸ்கோவியா மீதுதான்.

ப்ராஸ்கோவியா அடோங் உகாண்டாவின் வடக்கே ஒரு மாவட்ட மருத்துவமனையில் செவிலி. சந்திரகலா திருச்சிக்காரி, துபாயில் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் தரவுப் பிரிவின் மேலாளர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பேசியதுமில்லை. மூன்று வருடப் பழக்கமும் கணினித் திரை வழியாகத்தான். அவள் அங்கே குழந்தைகளின் விவரங்களை உள்ளிடுவாள். இவள் இங்கே அவற்றைச் சரிபார்ப்பாள்.

ஆய்வு சிக்கிள் செல் நோயுள்ள குழந்தைகளைப் பற்றியது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, நாளங்களில் சிக்கி, சீக்கிரமே உடைந்துபோகும் பிறவி நோய் அது. அதற்குக் காரணமான மரபணு தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பிள்ளையைக் காக்கும். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பிள்ளைக்கு நோய். அப்படிப்பட்ட பிள்ளையை மலேரியா பிடித்தால் உடம்பில் இருக்கிற கொஞ்ச இரத்தமும் நாலைந்து நாளில் இல்லாமல் போகும். முற்றிய மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்து, இரத்தம் ஏற்றிப் பிழைத்துப் போகிற குழந்தைகளுக்கு, வீடு திரும்பிய பின் மாதம் ஒருமுறையாக மூன்று மாதம் தடுப்பு மாத்திரை கொடுப்பது, ஆறு மாதம் வரை கவனிப்பது என்று திட்டம். பாதிப் பேருக்குப் பழைய மாத்திரை, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்று சந்திரகலாவுக்கும் தெரியாது, ப்ராஸ்கோவியாவுக்கும் தெரியாது. ஐந்து மருத்துவமனைகள், அறுநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள்.

மற்ற நான்கு இடங்களில் 'தொடர்பு அற்றுப்போனவர்' என்ற பட்டியலில் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். ப்ராஸ்கோவியாவின் மருத்துவமனையில் மட்டும் இருபத்து மூன்று பேர்.

"கலா, அந்த நர்ஸ் சரியில்ல. ஃபாலோ அப் பண்றதே இல்லபோல," என்றார் சிவசங்கரன். அவர்தான் நிறுவனத்தின் இயக்குநர், சென்னைக்காரர். ஒன்பது வருடத்துக்கு முன் சந்திரகலாவை நேர்முகத்தில் பார்த்து வேலைக்கு எடுத்தவர். "மாசக் கடைசிக்குள்ள டேட்டாபேஸை லாக் பண்ணணும், அப்புறம் எதையும் திருத்த முடியாது. அதுக்கு முன்னாடி அந்த சைட் மேல ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடுங்க. பின்னாடி யாராவது கேட்டா நம்ம கையில இருக்கட்டும்."

சந்திரகலாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். நோயாளிக் குழந்தைகளைத் தேடிப்பிடித்து மாத்திரை கொடுப்பதுதான் அந்தப் பெண்ணின் வேலை. இருபத்து மூன்று பேரைத் தொலைத்துவிட்டு எப்படி நிம்மதியாக இருக்கிறாள்? அந்த எரிச்சலோடுதான் செவ்வாய்க்கிழமை காலை, அறிக்கைக்கு ஆதாரம் திரட்டுவதற்காக, அந்த மருத்துவமனையின் பழைய க்வெரிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதிவில் ஏதாவது குறை இருந்தால் துபாயிலிருந்து போகும் கேள்விக்குத்தான் க்வெரி என்று பெயர். அங்கிருந்து பதில் வரும். பதில் திருப்தியாக இருந்தால் மூடிவிடலாம்.

முதல் குழந்தையின் எண் 04-017. ஐந்து வயதுப் பெண். ப்ராஸ்கோவியா எழுதியிருந்தாள்: "தாயோடு போனில் பேசினேன். ஏப்ரல் 9 அன்று குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அடக்கம் செய்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லை."

அதற்குக் கீழே பதில்: "இறப்புக்கான ஆவணத்தை இணைக்கவும். நன்றி. சந்திரகலா."

எட்டு நாள் கழித்து ப்ராஸ்கோவியா மறுபடி எழுதியிருந்தாள்: "நேரில் போய் வந்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம். சான்றிதழ் வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மண்மேட்டைப் படம் எடுத்திருக்கிறேன். அதை இணைக்கலாமா?"

கீழே: "மண்மேட்டின் படம் ஏற்கத்தக்க ஆவணம் ஆகாது. தகுந்த ஆவணத்தை இணைக்கவும். நன்றி. சந்திரகலா."

முப்பது நாளில் ஆவணம் வராவிட்டால் குழந்தையைத் 'தொடர்பு அற்றுப்போனவர்' என்று மாற்றி மூடிவிட வேண்டும் என்பது விதி. அப்படியே மூடப்பட்டிருந்தது.

சந்திரகலா அடுத்த எண்ணைத் திறந்தாள். அடுத்ததை. அதற்கடுத்ததை. பதினேழு குழந்தைகளுக்கு ப்ராஸ்கோவியா 'இறந்துவிட்டது' என்று தேதியோடு எழுதியிருந்தாள். பதினேழுக்கும் ஒரே பதில். ஒரே நன்றி. ஒரே பெயர். மீதி ஆறு பேரின் வீட்டில் மட்டும் யாரும் போன் எடுக்கவில்லை. மற்ற நான்கும் நகரத்து மருத்துவமனைகள். அங்கே பிள்ளை செத்தால் கையில் ஒரு காகிதமாவது கொடுப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

ஆய்வின் மூலத்திட்டத்தில் அப்படி இல்லை. அதில் தெளிவாகவே இருந்தது: சான்றிதழ் இல்லாத இடத்தில், பயிற்சி பெற்ற செவிலி குடும்பத்தாரைச் சந்தித்து, கேள்விகள் கேட்டு, ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், அதை இரண்டு மருத்துவர்கள் படித்து இறப்பையும் காரணத்தையும் முடிவு செய்வார்கள். உலகம் முழுக்க நடக்கிற முறைதான். படிவம் பதினாலு பக்கம். மூன்று வருடத்துக்கு முன் தரவுக் கையேடு தயாரித்தபோது சிவசங்கரன் இவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "அந்த பதினாலு பக்கத்தைத் தூக்கிடுங்க கலா. யாரு உட்கார்ந்து ஃபில் பண்ணப் போறாங்க? சர்டிபிகேட் இருந்தா டெத், இல்லாட்டி லாஸ்ட். சிம்பிளா வெச்சுக்கலாம்." இவள் தூக்கினாள். ஒரு மதியத்தில் முடிந்துபோன வேலை. அன்று சாயங்காலம் மகளுக்குப் பள்ளியில் நாட்டியம் இருந்தது. சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது.

அவள் சிவசங்கரனின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள்.

"சார், இது லாஸ்ட் இல்ல. செத்துப்போன பிள்ளைங்க. அந்த நர்ஸ் பதினேழு பேருக்கும் எழுதியிருக்கா. நான்தான் மூடியிருக்கேன்."

சிவசங்கரன் மடிக்கணினியைப் பாதி மூடினார். "டாக்குமெண்ட் இருக்கா?"

"இல்ல. ஆனா மூலத்திட்டத்துல நேர்காணல் படிவம் இருக்கு. நாம எடுத்துட்டோம். எடுத்ததை எதிக்ஸ் கமிட்டிக்கும் சொல்லல, சேஃப்டி போர்டுக்கும் சொல்லல. லாக்கைத் தள்ளி வைங்க. மூணு வாரம் போதும். அந்தப் பொண்ணு போய் எழுதிட்டு வந்துடுவா."

"மூணு வாரமா? அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி ஹோட்டல்ல அறிவிப்பு வெச்சிருக்கு. அமைச்சகத்திலேர்ந்து ஆள் வர்றாங்க. இப்பப் போய் இருபத்து மூணு பேரைத் தோண்டி எடுக்கச் சொல்றீங்களா?"

"அவங்களைப் புதைச்சதே நாமதான் சார்."

"எமோஷனல் ஆகாதீங்க." குரல் தணிவாகத்தான் இருந்தது. அவர் யாரிடமும் கத்திப் பேசியதில்லை. "பாருங்க, பழைய மாத்திரை, புது மாத்திரை, ரெண்டு பக்கமும் சமமாத்தான் விழுந்திருக்கும். ரிசல்ட் மாறாது."

"ரிசல்ட் மாறாட்டி அவங்க செத்தது இல்லன்னு ஆயிடுமா?"

"அப்படியே செத்திருந்தாலும் மலேரியாலதான்னு எப்படிச் சொல்றீங்க? சிக்கிள் செல் இருக்கிற பசங்களுக்கு மலேரியாலேர்ந்து ஒரு பாதுகாப்பு இருக்கில்ல?"

மூன்று வருடமாக இந்த ஆய்வை நடத்துகிறவர். மேடை மேடையாக இதைப் பற்றிப் பேசியவர். எந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு, எந்தப் பிள்ளைக்குச் சாவு என்கிற முதல் வரிகூட அவர் தலையில் ஏறவில்லை.

"பாதுகாப்பு அவங்க அம்மா அப்பாவுக்கு சார். ஒத்தைப் பங்கு மட்டும் இருக்கிறவங்களுக்கு. இந்தப் பிள்ளைங்களுக்கு இல்ல. அதனாலதான் இந்த ஆய்வே நடக்குது," என்றாள். தன் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே கேட்டது. வெளியே இருக்கைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி. ரிப்போர்ட்டை வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க," என்றார் சிவசங்கரன். மடிக்கணினி மறுபடி திறந்தது.

அன்று மாலை இத்திஹாத் சாலையில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தன. ஜன்னல்களை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவள் வாய்விட்டுக் கத்தினாள். சொல்லாக எதுவும் வரவில்லை. பக்கத்து வண்டிக்காரர் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார்.

வீடு ஷார்ஜாவில், அல் நஹ்தாவில் பதினோராவது மாடி. கணவன் முகிலன் கட்டட வடிவமைப்புப் பொறியாளன். அவனுடைய கம்பெனி மூடிப் பத்து மாதமாகிவிட்டது. அதிலிருந்து அவனும் மகள் ரக்ஷிதாவும் சந்திரகலாவின் விசாவில்தான் இருக்கிறார்கள். ரக்ஷிதா பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு.

சாப்பாட்டு மேசையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முகிலன் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நீ சொல்றது நியாயம்தான். நான் இல்லைன்னு சொல்லல," என்றான். "இப்ப என்ன பண்ணப் போற?"

"சேஃப்டி போர்டுக்கு எழுதப் போறேன். நேரா."

"அவரைத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

"கலா, மூணு பேர் விசாவும் உன் ஒருத்தி பேர்ல இருக்கு. நான் எவ்வளவு இடத்துல எழுதிப் போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியும். பாப்பாவுக்கு எக்ஸாம் முடியட்டும். மார்ச் வரைக்கும் பொறு."

"மார்ச்சுக்குள்ள லாக் பண்ணி, அறிவிச்சு, எல்லாத்தையும் முடிச்சிடுவாங்க. அப்புறம் யாருக்கு எழுதுறது?"

"அங்க செத்துப்போனவங்களை உன்னால திருப்பிக் கொண்டுவர முடியுமா?"

"முடியாது. அதுக்காக அவங்க ஊரை விட்டு ஓடிப்போன மாதிரி கணக்கு எழுதணுமா?"

முகிலன் தட்டைத் தள்ளினான். "எனக்கும் கோபம் வரும் கலா. ஆனா எனக்குக் கோபப்படற வசதி இல்ல இப்ப."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அவ்வளவு நேரமும் இயர்போனைக் கழற்றி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ரக்ஷிதா, அம்மாவின் போனை இழுத்து, அவள் படமெடுத்து வைத்திருந்த க்வெரிகளைப் பார்த்தாள்.

"அம்மா, அவங்க கிரேவ் பத்தி எழுதியிருக்காங்க. நீ கடைசில 'தேங்க்ஸ்' போட்டிருக்க. சீரியஸ்லி?"

"அது டெம்ப்ளேட்டுடி."

"டெம்ப்ளேட்னா? படிக்கவே இல்லையா நீ?"

சந்திரகலா மகளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு எழுந்தாள். 'படிச்சேன்' என்று சொல்ல முடியவில்லை. படித்திருக்கிறாள். மண்மேடு என்ற சொல்லைத் தன் பதிலில் எழுதியிருக்கிறாள். படிக்காமல் அதை எழுதியிருக்க முடியாது. படித்துவிட்டும் அப்படி எழுதியிருக்கிறாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், ப்ராஸ்கோவியாவின் எண்ணுக்கு அழைத்தாள். பேச்சு ஆங்கிலத்தில்தான். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கூடத்தின் இரைச்சலும் குழந்தைகளின் அழுகையும் கேட்டன.

"துபாய் மேடமா? மூன்று வருடத்தில் உங்கள் குரலை இப்போதுதான் கேட்கிறேன்," என்றாள் ப்ராஸ்கோவியா.

"உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"எதற்கு?"

சந்திரகலா சொன்னாள். அந்தப் பக்கம் நடந்து வெளியே போகிற காலடிச் சத்தம் கேட்டது, இரைச்சல் குறைந்தது. பிறகு ப்ராஸ்கோவியா பேசினாள்.

"04-017 என்று சொன்னீர்களே, அவள் பெயர் அகுல்லு. அவள் அம்மாவிடம் போய் நான் என்ன கேட்டேன் தெரியுமா? காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. நீங்கள் கேட்கச் சொன்னீர்கள், நான் கேட்டேன். அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உள்ளே போய்ப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துவந்தாள். அவளிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான். இது போதுமா என்றாள். போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அதைத்தான் படமெடுத்து உங்களுக்கு மெயிலில் அனுப்பினேன். நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்."

சந்திரகலாவுக்கு அது நினைவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"அட்டையை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கக்கூட எனக்கு முகமில்லை. என் மேசையில்தான் இருக்கிறது," என்றாள் ப்ராஸ்கோவியா. "மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம் மேடம். படிவத்தை அனுப்புங்கள். நான் போய் எழுதுகிறேன். இந்தத் தடவை நீங்கள் திருப்பி அனுப்பினால், அடுத்த பிளேனில் கிளம்பி வந்து உங்கள் மேசைமேல் வீசுவேன்."

போனை வைத்ததும் சந்திரகலா மடிக்கணினியை எடுத்தாள். ஆய்வின் சேஃப்டி போர்டு, அதாவது பாதுகாப்புக் குழு, நிறுவனத்துக்குக் கட்டுப்படாதது. இறப்புகளைக் கவனித்து, தேவைப்பட்டால் ஆய்வையே நிறுத்தும் அதிகாரம் அதற்கு உண்டு. அதன் தலைவர் டாக்டர் சித்தி மரியம், மலேசியாவில் குழந்தை மருத்துவர். சந்திரகலா அவருக்கு எழுதினாள். விதியை மாற்றியது யார், எப்போது, எத்தனை குழந்தைகள், எல்லாவற்றையும். 'நான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நான்' என்றே எழுதினாள். முகிலன் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. அனுப்பி முடித்ததும், "டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

மதியத்துக்குள் பாதுகாப்புக் குழுவிலிருந்து உத்தரவு வந்தது: தரவுத்தளத்தைப் பூட்டக் கூடாது; இருபத்து மூன்று குடும்பங்களையும் நேரில் சந்திக்க வேண்டும். சிவசங்கரன் இவளோடு பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். ஹோட்டல் அறிவிப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது. அலுவலகத்தில் இவளோடு மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட ஜலஜா, தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.

மழைக்காலம். ப்ராஸ்கோவியா மோட்டார் சைக்கிளில், சேறான பாதைகளில், மூன்று வாரம் சுற்றினாள். படிவங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சந்திரகலா அவற்றை யாரிடமும் கொடுக்காமல் தானே உள்ளிட்டாள். அகுல்லு. ஒபுவா. இரட்டையர்களான அபியோவும் அசெனும். இருவரும் நோயாளிகள், பதினோரு நாள் இடைவெளியில் இருவரும் இறந்திருந்தார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: 'இறப்பதற்கு முன் தடுப்பு மாத்திரை கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது?' பதில்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: 'மாத்திரை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.' ஆறாவது ஏழாவது படிவத்தில் அது மறுபடி வந்தபோது அவள் விரல் நின்றது. தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தாளை மடித்து வைத்தாள். தான் நினைப்பது தவறாக இருக்க வேண்டும் என்று விரும்பினாள்.

கடைசியில் இருபத்து மூன்று பேரில் பதினெட்டுப் பேர் இறந்திருந்தார்கள். நான்கு பேர் வேறு ஊருக்குப் போய் உயிரோடு இருந்தார்கள். ஒரு பிள்ளையை மட்டும் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

சித்தி மரியம் இவளைத் தனியாக அழைத்தார். அமைதியான, வயதான குரல்.

"பதினெட்டில் பதின்மூன்று பேர் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் இறந்திருக்கிறார்கள். மூன்று மாத மாத்திரை முடிந்த உடனே. நீங்கள் கவனித்தீர்களா?"

"கவனித்தேன் டாக்டர்."

"எந்த மாத்திரை என்பது இங்கே விஷயமே இல்லை. இரண்டையும் சீக்கிரம் நிறுத்திவிட்டோம். இது போன ஆகஸ்டில் கூடியபோதே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதே ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். ஆனால் எங்கள் முன்னால் வைத்த தாளில் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, தொடருங்கள் என்று கையெழுத்துப் போட்டோம்."

"அப்படியென்றால் மீதி ஒன்பது பேர்..."

"எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையைத் தொடர்ந்திருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள். எந்தச் சிலர் என்று நம்மால் ஒருநாளும் சொல்ல முடியாது." பிறகு, "இதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்தேன்," என்றார்.

சந்திரகலா நன்றி சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவளால் இனி யாரிடமும் சொல்ல முடியாதுபோல் இருந்தது. அதுவரை தான் செய்தது பதிவில் பிழை என்றுதான் நினைத்திருந்தாள். செத்தவர்களை எண்ணாமல் விட்டதற்கே அவ்வளவு கோபம். எண்ணாமல் விட்டதால் இருந்தவர்கள் செத்தார்கள் என்று தெரிந்தபின் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சிவசங்கரன் அவளைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது.

"நீங்க எழுதினது இருக்கட்டும், போர்டு கம்பெனியோட விளக்கத்தைக் கேட்டிருக்கு. படிச்சிட்டு சைன் பண்ணுங்க."

படித்தாள். கள மருத்துவமனைச் செவிலி இறப்புகளை முறைப்படி பதிவு செய்யத் தவறியதே பிழைக்குக் காரணம். நிறுவனம் தன் சொந்த ஆய்வில் அதைக் கண்டறிந்து சரிசெய்தது. சம்பந்தப்பட்ட செவிலியைப் பணியிலிருந்து விலக்கப் பரிந்துரைக்கிறது. கீழே சந்திரகலாவின் பெயர், பதவி, கையெழுத்துக்குக் கோடு.

"இது பொய் சார்."

"கொஞ்சம் யோசிங்க. இது உங்களையும் காப்பாத்துது. கையேட்டுல உங்க பேர்தான் இருக்கு."

"நீங்க சொல்லித்தான எடுத்தேன்."

"நான் சொன்னேன்னு எங்க இருக்கு? மெயில் இருக்கா?"

சந்திரகலா அவர் முகத்தையே பார்த்தாள். இரவு பகலாக உள்ளே கனன்றுகொண்டிருந்த கோபம் அப்போது ஒரு வார்த்தைக்கு வந்து சேர்ந்தது.

"இல்ல. டாக்குமெண்ட் இல்ல. அதனால நீங்க சொல்லவேயில்லன்னு ஆயிடுமா சார்? அந்தப் பிள்ளைங்க சாகவேயில்லன்னு ஆச்சே, அந்த மாதிரியா?"

சிவசங்கரன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "எங்கயோ ஒரு நர்ஸுக்காக உங்க குடும்பத்தைத் தெருவுல நிறுத்தப் போறீங்களா? அவளுக்கு அங்க வேற வேலை கிடைக்கும். உங்களுக்கு இங்க கிடைக்குமா? ஹஸ்பண்டுக்கு வேலை இல்ல. பொண்ணு எக்ஸாம் எழுதுது. நான் உங்களுக்கு நல்லது செய்யத்தான் பார்க்கிறேன்."

"என் புருஷனைப் பத்தியும் பொண்ணைப் பத்தியும் நீங்க பேசாதீங்க. அந்த நர்ஸ் பதினேழு தடவை உண்மையை எழுதினா. பதினேழு தடவையும் அதை அழிச்சது நான். அழிக்கச் சொன்னது நீங்க. இதுல அவ பேர் எந்த இடத்துல வருது, காட்டுங்க!"

கடிதத்தை நாலாகக் கிழித்து அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தாள். தன் இருக்கையில் உட்கார்ந்து வேறொரு கடிதம் எழுதினாள். நேர்காணல் படிவத்தை நீக்கியது தான், நீக்கச் சொன்னவர் இயக்குநர், அதற்குத் தன் சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை, செவிலி ப்ராஸ்கோவியா அடோங் ஒவ்வொரு இறப்பையும் உரிய நேரத்தில் தெரிவித்தார், அதற்கு ஆதாரம் உண்டு என்று எழுதினாள். பழைய க்வெரிகள் முழுவதையும், தன் பதில்களோடு, இணைத்தாள். பாதுகாப்புக் குழுவுக்கும், உகாண்டாவின் எதிக்ஸ் கமிட்டிக்கும், சிவசங்கரனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் அவளுடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

முகிலன் அன்று கோபப்பட்டான். ஒரு மணி நேரம் கத்தினான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கடிதத்தைக் கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போடத் தோணலையா?" என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். நாலு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அவன் அவளுடைய வேலை அனுபவப் பட்டியலைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். விசா ரத்தான பிறகு நாட்டில் தங்க அனுமதித்த நாட்கள் முடிவதற்கு ஆறு நாள் இருந்தபோது, அஜ்மானில் ஒரு மருத்துவமனையில் நோயாளிப் பதிவேடுகளைக் கவனிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பழைய பதவிக்கு இரண்டு படி கீழே. எடுத்துக்கொண்டாள். ரக்ஷிதா தேர்வை எழுதினாள்.

ஆய்வில் மிச்சமிருந்த குழந்தைகளுக்கு மாத்திரையை ஒரு வருடம் வரை நீட்டிக்கக் குழு உத்தரவிட்டது. ப்ராஸ்கோவியாவை யாரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. சிவசங்கரன்மீது விசாரணை என்றார்கள். அது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. தள்ளிவைத்த அறிவிப்பு அதே ஹோட்டலில் நடந்தது. மேடையில் அவர் மாத்திரையை நீட்டிக்க வேண்டிய அவசியத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசியதை ஜலஜா படம்பிடித்து அனுப்பியிருந்தாள். 'தரவுகளை ஆழமாகப் பார்த்தபோது' என்று அவர் தொடங்கியதும் சந்திரகலா போனைக் கவிழ்த்து வைத்தாள். மிச்சத்தை அவள் பார்க்கவேயில்லை.

அடுத்த வருடம் ஆய்வுக்கட்டுரை ஒரு மருத்துவ இதழில் வந்தது. பதினெட்டுப் பேரும் இறந்தவர்களின் கணக்கில் இருந்தார்கள். எழுதியவர்களின் பட்டியலில் சிவசங்கரன் மூன்றாவது பெயர். கடைசிப் பக்கத்தில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. பெயர்கள் இல்லை.

சந்திரகலா இதழின் ஆசிரியருக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். சித்தி மரியமும் தன் பங்குக்கு எழுதினார். நாலு மாதம் கழித்துத் திருத்தம் ஒன்று வெளியானது: சான்றிதழ் இல்லாத பதினெட்டு இறப்புகளை நேரில் விசாரித்துப் பதிந்தவர் என்று ப்ராஸ்கோவியாவின் பெயர், கட்டுரை எழுதியவர்களின் வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தது. அன்றே அதை ப்ராஸ்கோவியாவுக்கு அனுப்பினாள்.

மாலையில் பதில் வந்தது. "பார்த்தேன். அடோங் என்பதை ஓடோங் என்று போட்டிருக்கிறார்கள். ஓடோங் ஆண்பிள்ளைப் பெயர்."

சந்திரகலா பல்லைக் கடித்துக்கொண்டாள். மடிக்கணினியைத் திறந்து, அந்த ஆசிரியருக்கு அடுத்த கடிதத்தை எழுதத் தொடங்கினாள்.